துப்பாக்கியோடும் துப்பாக்கி இல்லாமலும் பியோர்ண்டாலன்

நார்வேயின் ஓலே எய்னார் பியோர்ண்டாலனுக்கு, பனிச்சறுக்கும் துப்பாக்கி சுடுதலும் சேர்ந்த பையத்லான்தான் சொந்த வீடு. 2002 சால்ட் லேக் சிட்டி ஒலிம்பிக்கில் ஆண்களுக்கான நான்கு பையத்லான் பந்தயங்களிலும் தங்கம். 2014 சோச்சி ஒலிம்பிக்கில் ஸ்பிரின்ட் என்னும் குறுந்தூரப் பந்தயத்தில் தங்கம், அதுவும் 40 வயதில்! ஒரு குண்டு தவறி, 150 மீட்டர் தண்டனைச் சுற்று சறுக்கிய பிறகும் முதலிடம். மூச்சிரைக்க வந்து, நெஞ்சுத் துடிப்பை அடக்கிக் குறி பார்க்க வேண்டிய விளையாட்டு இது.

துப்பாக்கியே இல்லாத கிராஸ் கன்ட்ரி பனிச்சறுக்கில் அந்தத் தொல்லை இல்லை, வேகம் மட்டும்தான். அங்கே அவர் விருந்தாளி. சரி, விருந்தாளி சும்மா இருந்தாரா? 2006 நவம்பரில் ஸ்வீடனின் யெல்லிவாரேயில் 15 கிலோமீட்டர் உலகக் கோப்பைப் பந்தயத்தை வென்றார். ஒலிம்பிக் பதக்கம் மட்டும் அங்கே கிடைக்கவில்லை. பையத்லானில் பதக்கங்கள் குவிந்தன. எனக்கென்னவோ, அந்த யெல்லிவாரே வெற்றிதான் பெரிய துணிச்சல்.