அம்மாவுக்கு விஆர் ஹெட்செட்டா, டேப்லெட்டா, நடையா?

ஊரில் இருக்கும் அப்பா அம்மாவுக்கு வாங்கி அனுப்பும் சாமான்களில், பிரஷர் பார்க்கும் கருவிக்கும் மசாஜ் நாற்காலிக்கும் அடுத்து இப்போது விஆர் ஹெட்செட்டும், அதாவது கண்ணை மறைத்து மாட்டிக்கொண்டால் கணினி உருவாக்கிய உலகத்துக்குள்ளேயே இருப்பதுபோல் காட்டும் கருவியும், சேர்ந்துவிட்டது. ஞாபகசக்திக்கு நல்லது என்கிறார்கள். நல்லதா என்று மட்டும் கேட்டால் 'ஆமாம்' என்றுதான் பதில் வரும். சும்மா உட்கார்ந்திருப்பதைவிட எதுவுமே நல்லதுதானே. டேப்லெட்டில் செய்யும் மூளைப் பயிற்சியையும், செருப்பு தவிர வேறு செலவே இல்லாத நடையையும்விட நல்லதா என்றுதான் கேட்க வேண்டும்.

வேடிக்கை என்னவென்றால், விஆர் பக்கம் இருக்கும் வலுவான சான்றுகளில் ஒன்றில் ஹெட்செட்டே கிடையாது. 2016இல் 'லான்செட்' இதழில் வெளிவந்த வி-டைம் ஆய்வைச் சொல்கிறேன். பெல்ஜியம், இஸ்ரேல், இத்தாலி, நெதர்லாந்து, பிரிட்டன் ஆகிய நாடுகளில் 60 முதல் 90 வயதுக்குட்பட்ட சுமார் 300 பேர் அதில் சேர்ந்தார்கள். எல்லோரும் அதற்கு முந்தைய ஆறு மாதத்தில் இரண்டு முறையாவது கீழே விழுந்தவர்கள். வாரம் மூன்று நாள், தடவைக்கு 45 நிமிடம், ஆறு வாரம் டிரெட்மில்லில் நடந்தார்கள். பாதிப் பேருக்கு மட்டும் முன்னால் ஒரு திரை. கேமரா அவர்கள் பாதத்தைப் படம்பிடிக்க, திரைக்குள்ளும் அதே பாதங்கள் நடக்கும். வழியில் தடைகள் குறுக்கிடும், பாதை பிரியும், கவனத்தைக் கலைக்க ஏதாவது வந்துகொண்டே இருக்கும். காலைத் தூக்கித் தாண்டவும் வேண்டும், எந்தப் பக்கம் போவது என்று முடிவெடுக்கவும் வேண்டும், நடையும் நிற்கக் கூடாது.

பயிற்சி முடிந்த பிறகான ஆறு மாதத்தில், திரையோடு நடந்தவர்கள் விழுவது சராசரியாக 11.9 தடவையிலிருந்து 6 ஆகக் குறைந்தது. வெறுமனே நடந்தவர்களுக்கு 10.7 என்பது 8.3 ஆனது, அவ்வளவுதான்.

இது விழாமல் இருப்பதற்கான ஆய்வு, ஞாபகசக்திக்கானது இல்லையே என்று கேட்கலாம். சரி. ஆனால் வயதானவர்கள் விழுவதற்குக் கால் தளர்ச்சி மட்டுமே காரணமில்லை. பேசிக்கொண்டே நடக்கும்போதும், காய்கறிப் பையைத் தூக்கிக்கொண்டு படி இறங்கும்போதும் மூளைக்கு ஒரே நேரத்தில் இரண்டு வேலை. அந்த இரண்டு வேலையைத்தான் திரை பழக்கிக் கொடுத்தது. இடுப்பு எலும்பு முறிந்து படுக்கையில் விழுந்த பிறகு எந்த ஞாபகப் பயிற்சியைச் செய்யப் போகிறோம்?

ஹெட்செட்டுக்கும் ஆதரவு இல்லாமல் இல்லை. சான்பிரான்சிஸ்கோவின் கலிபோர்னியா பல்கலைக்கழகக் குழு 'லேபிரிந்த்' என்ற விளையாட்டை உருவாக்கி, 2021இல் முடிவை வெளியிட்டது. ஹெட்செட் மாட்டிக்கொண்டு, நின்ற இடத்திலேயே கால் மாற்றி நடந்தபடி, பழக்கமில்லாத ஊரில் வழி கண்டுபிடிக்க வேண்டும். டேப்லெட்டில் சாதாரண விளையாட்டுகள் ஆடியவர்களைவிட இதை ஆடியவர்களுக்கு, நுணுக்கமான விவரங்களை நினைவில் வைக்கும் திறன் மேம்பட்டது. வழி கண்டுபிடிப்பது மூளையில் நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியின் வேலை, அல்சைமர் முதலில் கை வைப்பதும் அந்தப் பக்கம்தான் என்பதால் யோசனை நல்ல யோசனை. ஆனால் கலந்துகொண்டவர்கள் சுமார் 50 பேர்தான். இதை நம்பிக் காசைப் போடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நடைமுறைச் சிக்கல்கள் வேறு. பிரபலமான ஹெட்செட்டுகள் அரை கிலோ கனம் இருக்கும்; கழுத்துத் தேய்மானம் உள்ளவரால் தாங்க முடியாது. பின்பக்கப் பட்டை கொண்டையில் இடிக்கும். மூக்குக்கண்ணாடியோடு மாட்டினால் மூக்குத்தண்டில் அழுத்தும். கண் 'நகர்கிறோம்' என்று சொல்ல, உள்காது 'இல்லையே' என்று சொல்ல, சிலருக்குக் கொஞ்ச நேரத்திலேயே தலைசுற்றல், குமட்டல் வந்துவிடும். எல்லாவற்றுக்கும் மேல், தள்ளாடுகிறவருக்குத் தரை தெரியாமல் கண்ணை மறைக்கிறோம்.

டேப்லெட் பக்கம் போனால், சான்றுகளிலேயே நீண்ட காலம் பார்த்தது அந்த மாதிரித் திரைப் பயிற்சிக்குத்தான் இருக்கிறது. அமெரிக்காவின் 'ஆக்டிவ்' ஆய்வில் 65 வயதைத் தாண்டிய 2,832 பேர். நினைவாற்றல், தர்க்கம், பார்வை வேகம் என மூன்று விதப் பயிற்சிகள். கணினியில் நடந்த பார்வை வேகப் பயிற்சியில், திரையின் நடுவில் ஒரு வண்டி மின்னி மறையும், அதே நொடியில் ஓரத்தில் இன்னொன்று. இரண்டையும் சரியாகச் சொன்னால் அடுத்தது இன்னும் சீக்கிரம் மறையும். எந்தப் பயிற்சியும் எடுக்காதவர்களைவிட இதை எடுத்தவர்களுக்குப் பத்து வருடத்தில் டிமென்ஷியா (மறதி நோய்) வாய்ப்பு 29 சதவீதம் குறைந்திருந்ததாக 2017இல் அறிவித்தார்கள். மற்ற இரண்டுக்கும் அப்படிப் பலன் தெரியவில்லை. ஆகவே குறுக்கெழுத்தும் சுடோக்கும் இதற்குச் சமம் என்று நினைத்துவிட வேண்டாம். மூளைப் பயிற்சி என்று விற்கும் எல்லாச் செயலியும் இதுவல்ல. வயதால் வரும் மறதியைத் தடுப்போம் என்று ஆதாரமில்லாமல் விளம்பரம் செய்ததற்காக 'லுமோசிட்டி' நிறுவனம் 2016இல் 20 லட்சம் டாலர் கட்ட வேண்டி வந்தது.

நடையைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. 120 முதியவர்களை வைத்து 2011இல் வந்த அமெரிக்க ஆய்வில், வாரம் மூன்று நாள் 40 நிமிடம் வேகமாக நடந்தவர்களின் ஹிப்போகேம்பஸ் ஒரு வருடத்தில் 2 சதவீதம் பெருத்தது. கைகாலை நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு 1.4 சதவீதம் சுருங்கியது. இதற்குச் சந்தாவும் வேண்டாம், சார்ஜும் வேண்டாம்.

ஆக, நன்றாக நடமாடுகிறவர் என்றால் என் ஓட்டு நடைக்கு. கூடவே பார்வை வேகப் பயிற்சி தரும் செயலி ஒன்று இருந்தால் போதும். அடிக்கடி தடுமாறி விழுகிறவருக்கு டிரெட்மில்லும் திரையும் சேர்ந்த பயிற்சி, அதுவும் பிசியோதெரபிஸ்ட் பக்கத்தில் நிற்க, கிடைத்தால் செலவுக்குத் தகும். ஹெட்செட்டைப் பிடித்துப்போய் ஆசையாகக் கேட்கிறவருக்கு வாங்கிக் கொடுக்கலாம், தப்பில்லை. கைப்பிடி உள்ள நாற்காலியில் உட்கார வைத்து, முதலில் பத்து நிமிடம் மட்டும், ஒருவர் கூடவே இருக்கட்டும். வலிப்பு வந்தவர் என்றால் டாக்டரைக் கேட்காமல் மாட்டவே கூடாது.

வீட்டில் டிவி சத்தம் தெருமுனை வரை கேட்கிறதா? அப்படியானால் இந்த மூன்றையும் கொஞ்சம் ஒத்திவைத்துவிட்டு முதலில் காதைப் பரிசோதியுங்கள். 2023இல் வந்த 'அச்சீவ்' ஆய்வில் 70 முதல் 84 வயதுக்குள் காது மந்தமான 977 பேரை, காதுக்கருவி மறதியைத் தள்ளிப்போடுமா என்று மூன்று வருடம் பார்த்தார்கள். மொத்தமாக எடுத்துப் பார்த்தால் காதுக்கருவியால் வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் மறதி வரும் ஆபத்து ஏற்கெனவே அதிகம் இருந்தவர்களிடம் மட்டும் பார்த்தபோது அறிவாற்றல் சரிவு 48 சதவீதம் மெதுவானது. ஹெட்செட்டுக்கு எடுத்து வைத்த பணம் அங்கே போகலாம்.