அமெரிக்கப் பழைய ரேடியோ திகில் நாடகங்கள்: எம்பி3 தொகுப்புகளை நெடுநாள் கேட்ட பிறகு

"கேட்டேன், பயமே வரலையே" என்பவர்களில் பாதிப் பேர் கெட்ட பிரதியைக் கேட்டவர்கள். 32 கேபிபிஎஸ்ஸுக்கு (ஒரு நொடி ஒலிக்கு எத்தனை கிலோபிட் என்ற அளவு) சுருக்கியதை மறுபடியும் சுருக்கினால் மழையும் பேச்சும் ஒரே கூழாகிவிடும். மோனோவுக்கு (ஒற்றைத் தட ஒலி) 64 தாராளம்.

முதலில் நீளத்தைப் பாருங்கள். அரை மணி நிகழ்ச்சி என்றால் 29:30-ஐ ஒட்டி வரவேண்டும். 24 நிமிடம்தான் என்றால் பெரும்பாலும் விளம்பரத்தை வெட்டியிருப்பார்கள். 31 ஓடினால் வேகம் குறைந்திருக்கிறது. எல்லோரும் தூக்கக் கலக்கத்தில் பேசுவதுபோல் இருக்கும். ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் ஸ்பெக்ட்ரத்தை (எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒலி என்று காட்டும் படம்) திறந்தால், அமெரிக்க மின்சார ரீங்காரம் 60 ஹெர்ட்ஸில் நிற்கவேண்டும். 57-இல் நின்றால் வேகத்தை 5.26 சதவீதம் கூட்டுங்கள். (60-இல் நின்றாலே வேகம் சரி என்று நம்பிவிடாதீர்கள், அது பிற்பாடு டேப்பில் பதிந்தவர் வீட்டு ரீங்காரமாகவும் இருக்கலாம்.)

பாதியில் ஒலி சட்டென்று மங்கினாலோ தெளிந்தாலோ ஃபைலைத் தூக்கிப் போடவேண்டாம். அந்தக் காலத்தில் நிகழ்ச்சியைப் பதிந்த 16 அங்குல ஒலித்தட்டில் ஒரு பக்கத்துக்கு 15 நிமிடம்தான். மையத்தை நெருங்க நெருங்க உயர் ஒலி குறையும். பக்கம் மாறுமிடத்தில் அது காதில் படும்.

இரைச்சல் நீக்கம் 6 டெசிபல் போதும். 12-ஐத் தாண்டினால் தண்ணீருக்குள்ளிருந்து பேசுவதுபோல் ஆகி, கதவுக்கு அப்பால் கேட்கும் காலடியும் இரைச்சலோடு போய்விடும். 'குவயட், ப்ளீஸ்' (1947–49) தொடருக்கு இது பெரிய கேடு. வில்லிஸ் கூப்பர் எழுத்து. எர்னஸ்ட் சாப்பெல் பக்கத்தில் உட்கார்ந்து சொல்வதுபோல் நிறுத்தி நிறுத்திப் பேசுவார். 1948 ஆகஸ்ட் 9-இல் ஒலிபரப்பான எண்ணெய்க் கிணற்றுக் கதையில் குழந்தை முனகுவதுபோல் ஒரு சத்தம் வரும். அதைத் துடைத்துவிட்டால் கதையில் என்ன மிச்சம்?

புதிதாகக் கேட்பவர்கள் 'சஸ்பென்ஸ்' (1942–62) தொடரில் ஆரம்பிக்கலாம். ஆனால் தலைப்பை மட்டும் நம்பாதீர்கள். ஆக்னஸ் மூர்ஹெட் நடித்த 'சாரி, ராங் நம்பர்' 1943 மே 25-இல் முதலில் வந்தது, பிறகு பலமுறை மறுபடி நடித்தார்கள். ஃபைல் பெயரில் தேதி முக்கியம். 1974–82-இல் வந்த 'சிபிஎஸ் ரேடியோ மிஸ்டரி தியேட்டர்' 1,399 நாடகங்கள். கதவு கிறீச்சிடும் தொடக்கம் அருமை, ஆனால் பல கதைகளை இழுத்திருக்கிறார்கள். நிறையப் பிரதிகள் நேரடியாக ரேடியோவிலிருந்து பதிந்தவை, செய்தியும் விளம்பரமும் அப்படியே இருக்கும்.

ஹெட்ஃபோனில் ஒரு எச்சரிக்கை: கிசுகிசுப்பு கேட்கவில்லை என்று வால்யூமைக் கூட்டினால் அடுத்த நொடி பின்னணி ஆர்கன் இசை காதைப் பிளக்கும். கம்ப்ரஸரை (உரத்த ஒலிக்கும் மெல்லிய ஒலிக்கும் உள்ள இடைவெளியைக் குறைக்கும் வசதி) 2:1-இல் வையுங்கள். அதற்கு மேல் போனால் அந்தத் திடுக்கிடலும் போய்விடும்.