உரியும் டெக்ஸ்சர் சீலிங்: ஒட்டுப் போடுவதா, சுரண்டுவதா, பட்டி பார்ப்பதா, போர்டு அடிப்பதா?

சொரசொரப்பான டெக்ஸ்சர் சீலிங்கில் பெயிண்ட் உரிய ஆரம்பித்தால் நான்கு வழிகள் உண்டு. உரிந்த இடத்தை மட்டும் சரிசெய்து டெக்ஸ்சரை மறுபடி ஏற்றலாம். டெக்ஸ்சர் முழுவதையும் சுரண்டி எடுக்கலாம். அதன் மேலேயே பட்டி பார்த்துச் சமதளமாக்கலாம். ஜிப்சம் போர்டு அடித்து மொத்தமாக மூடிவிடலாம். செலவையும் சிரமத்தையும் வைத்துத்தான் பெரும்பாலோர் தேர்ந்தெடுக்கிறார்கள். அதற்கு முன்னால் ஒன்று தெரியவேண்டும்: எந்த அடுக்கு எதிலிருந்து கழன்று வருகிறது? மேலே எவ்வளவு நல்ல சரக்கைப் பூசினாலும், அடியில் பிடிப்பு இல்லாத அடுக்கு விழும்போது அதுவும் சேர்ந்துதான் விழும்.

செதிலைத் திருப்பிப் பாருங்கள்

தொங்கும் செதில் ஒன்றைப் பிய்த்துப் பின்பக்கத்தைப் பாருங்கள். அது வழவழப்பாகச் சுத்தமாக இருந்து, பழைய பெயிண்ட் சீலிங்கிலேயே தங்கியிருந்தால், புதுப் பெயிண்ட் பழையதைப் பிடிக்கவில்லை என்று பொருள். பளபளப்பான ஆயில் பெயிண்டை உப்புத்தாளால் தேய்க்காமல் அதன்மேல் எமல்ஷன் அடித்தால் இப்படித்தான் ஆகும். பின்பக்கத்தில் வெள்ளைத் தூள் அப்பியிருந்தால், அடியில் இருப்பது சுண்ணாம்பு, டிஸ்டெம்பர், அல்லது பிரைமர் காணாத டெக்ஸ்சர். பழுப்புக் காகித இழை ஒட்டிவந்தால் ஜிப்சம் போர்டின் மேல்தாளே கிழிந்திருக்கிறது. சாம்பல் நிற மணலும் சிமென்டும் வந்தால் கோளாறு பெயிண்டில் இல்லை, காரையில்.

அடுத்து, நன்றாக இருப்பதாகத் தெரியும் இடத்தைச் சோதியுங்கள். பிளேடால் பெருக்கல் குறிபோல் கீறி, பசை டேப்பை அழுத்தி ஒட்டி, வெடுக்கென்று இழுங்கள். நான்கு மூலையிலும் நடுவிலும் செய்து பாருங்கள். அங்கேயும் பெயிண்ட் டேப்போடு வந்தால் ஒட்டுப் போடும் எண்ணத்தை அப்போதே விட்டுவிடலாம்.

மூன்றாவது, தண்ணீர்ச் சோதனை. கையகல இடத்தில் தண்ணீர் தெளித்து 15 நிமிடம் விட்டுச் சுரண்டுங்கள். டெக்ஸ்சர் களிபோல இளகினால் அதன்மேல் பெயிண்ட் இல்லை, அல்லது பெயருக்குத்தான் இருக்கிறது. தண்ணீர் முத்து முத்தாக நின்றால் பெயிண்ட் முழுதாக மூடியிருக்கிறது. சுரண்டுவதா, பட்டி பார்ப்பதா என்ற கேள்விக்குப் பாதி விடை இங்கேயே கிடைத்துவிடும்.

ஓதம் இருந்தால் நான்கு வழியும் தோற்கும். கான்கிரீட் தளமாக இருந்தால் 45 செ.மீ. சதுர பிளாஸ்டிக் தாளின் நான்கு ஓரங்களையும் டேப்பால் இறுக ஒட்டிக் குறைந்தது 16 மணி நேரம் விடுங்கள். தாளுக்கும் தளத்துக்கும் இடையே ஈரம் கோத்திருந்தால் தண்ணீர் மேலிருந்து கசிகிறது. அறைப் பக்கத்தில் துளிர்த்திருந்தால் அது அறைக் காற்றின் நீராவி. குளியலறை, சமையலறைகளில் இதுதான் அதிகம், காற்றோட்டம்தான் மருந்து. தட்டினால் வெற்றொலி கேட்டு, துருக்கோடுகளும் தெரிந்தால் உள்ளே கம்பி துருப்பிடிக்கிறது. அங்கே பெயிண்டரைக் கூப்பிடாதீர்கள், கட்டடப் பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

பழைய வீடு என்றால் இன்னொரு சோதனையைத் தவிர்க்கவே கூடாது. 1980களுக்கு முன்பு தெளித்த டெக்ஸ்சரில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கலாம், சில நாடுகளில் அதற்குப் பிறகும் புழங்கியது. பழைய ஆயில் பெயிண்டில் ஈயம் இருக்கலாம். சிறு துண்டைத் தண்ணீர் தெளித்து நனைத்து எடுத்து, பையில் மூடி ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள். ஆஸ்பெஸ்டாஸ் இருந்தால் சுரண்டுவது, தேய்ப்பது, துளைப்பது எதையும் நீங்களே செய்யவேண்டாம். போர்டு அடிப்பதற்கும் திருகு துளைத்தாக வேண்டும் என்பதால் அதுவும் பாதுகாப்பான குறுக்குவழி ஆகாது. பயிற்சி பெற்றவர்களிடம் விடுங்கள்.

ஒட்டுப் போடுவது

உரிந்த பரப்பு மொத்த சீலிங்கில் பத்தில் ஒரு பங்குக்குள் இருந்து, சுற்றியுள்ள இடம் டேப் சோதனையில் தேறியிருந்தால் இதைவிட நல்ல வழி இல்லை. தளர்ந்த பெயிண்ட் முழுவதையும், இனி வராது என்னும் வரை பட்டித் தகடால் சுரண்டுங்கள். டெக்ஸ்சரில் ஓரத்தைத் தேய்த்துச் சரிவாக்குவது கடினம்; பிளேடால் கீறிச் சுத்தமான விளிம்பு எடுத்துக்கொள்வது மேல். தூசியைப் பிரஷ் பொருத்திய வாக்குவம் கிளீனரால் உறிஞ்சுங்கள்.

சீலர், அதாவது அடிப்பரப்பை அடைத்துப் பிடிப்புக் கொடுக்கும் பிரைமர்தான் இதில் உயிர்நாடி. தூள் படியும் இடத்துக்கும், நீர்க்கறை உள்ள இடத்துக்கும் ஆயில் பிரைமர் அல்லது ஷெல்லாக் (அரக்கு) பிரைமர் வேண்டும். தண்ணீரில் கரைத்த பிரைமர் இரண்டு வகையில் கெடுக்கும்: பெயிண்ட் காணாத டெக்ஸ்சரை மறுபடி இளக்கும், பழுப்புக் கறையை மேலே கசியவிடும். உரிந்த விளிம்பைத் தாண்டி 5 முதல் 10 செ.மீ. வரை பூசுங்கள். ஷெல்லாக் ஏறக்குறைய 45 நிமிடத்தில் அடுத்த கோட்டுக்குத் தயார், ஆனால் எப்போதும் ஈரம் படியும் குளியலறைக்கு ஆயில் பிரைமரே தேவலை. இரண்டின் ஆவியும் தீப்பிடிக்கும். ஜன்னலைத் திறந்து, அடுப்பை அணைத்து, ஆவியைத் தடுக்கும் வடிகட்டி உள்ள முகமூடியோடு வேலை செய்யுங்கள்.

பிறகு பள்ளத்தைப் பட்டியால் நிரப்பி டெக்ஸ்சர் ஏற்றவேண்டும். ஸ்பிரே டின் எளிது, கட்டுப்பாடு குறைவு. முதலில் அட்டையில் அடித்துப் பாருங்கள், சீலிங்கிலிருந்து 35 முதல் 60 செ.மீ. தள்ளிப் பிடியுங்கள். ஒரே மூச்சில் நிறைய அடித்தால் கட்டிகட்டியாகத் தொங்கும். மெல்லியதாக அடித்து, காயவிட்டு, இன்னொருமுறை அடிப்பதே சரி. குத்திக் குத்தி எடுத்த புள்ளி டெக்ஸ்சராக இருந்தால் தண்ணீர் கலந்து தளர்த்திய பட்டியை ஸ்பாஞ்சால் ஒற்றினால் இன்னும் நன்றாகப் பொருந்தும்.

இந்த வழியின் குறை ஒன்றுதான்: ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போது ஒட்டுப் போட்ட இடம் தெரியும். புது டெக்ஸ்சரின் மேலும் பிரைமர் அடித்து, ஒட்டை மட்டும் விட்டுவிடாமல் சீலிங் முழுவதற்கும் மேட் பெயிண்ட் அடித்தால் பெருமளவு மறையும்.

சுரண்டி எடுப்பது

தண்ணீரில் இளகும் டெக்ஸ்சருக்கு இதுதான் நிரந்தரமான தீர்வு. கைப்பம்ப்பில் தண்ணீரோடு சில சொட்டுப் பாத்திர சோப்பு கலந்து, ஒரு சதுர மீட்டர் நனைத்து, 10–15 நிமிடம் ஊறவிட்டு, 15–20 செ.மீ. அகலத் தகடால் தள்ளுங்கள். தகட்டின் முனைகளை அரத்தால் மழுக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் போர்டின் தாளைக் கிழிக்கும். அதிகமாக நனைத்தாலும் தாள் ஊறும், மூட்டு டேப் எழும்பும். வேலைக்கு முன் மெயின் சுவிட்சை அணைத்து, விளக்குப் பெட்டிகளை மூடுங்கள். தரையில் பிளாஸ்டிக் தாள் இரண்டு அடுக்காவது வேண்டும்.

பெயிண்ட் மூடிய டெக்ஸ்சரில் கதை வேறு. தண்ணீர் உள்ளே இறங்காது. வறட்டுச் சுரண்டலில் மேடுகளைச் சீவித் திறந்துவிட்டு நனைக்கவேண்டும். அப்போதும் திட்டுத் திட்டாகத்தான் வரும், தூசி அதிகம், போர்டும் சேதமாகும். இதில் இறங்கியவர்கள் பலர் கடைசியில் முழு சீலிங்கும் பட்டி பார்க்கத்தான் போகிறார்கள். அப்படியானால் நேராகப் பட்டிக்கே போகலாம் என்பது எங்கள் கருத்து.

டெக்ஸ்சரின் மேலேயே பட்டி பார்ப்பது

டேப் சோதனையில் அடிப்பரப்பு உறுதியாக நின்றால் மட்டும். உரிந்த இடங்களைச் சுரண்டி சீல் செய்து, மேடுகளைத் தகடால் சீவி, பழைய பெயிண்டின்மேல் பிடிப்புக் கொடுக்கும் பாண்டிங் பிரைமர் அடித்துவிட்டுத் தொடங்குங்கள். ஒரு கோட்டுக்கு 2 மி.மீ.க்கு மேல் வேண்டாம். மொத்தம் மூன்று கோட் ஆகும்: முதல் கோட் பள்ளத்தை நிரப்பும், இரண்டாவது சமமாக்கும், மூன்றாவது நுண்துளையை மூடும். தயார்நிலைப் பட்டி ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு நாள் காயக் கேட்கும். தண்ணீர் கலந்தால் இறுகும் தூள் வகை சீக்கிரம் இறுகும், சுருக்கமும் குறைவு, ஆனால் தேய்ப்பது கடினம். கடைசியில் 150 நம்பர் உப்புத்தாள், பிறகு 220.

இங்கே எடையைக் கணக்கில் எடுங்கள். 3 மி.மீ. கனத்துக்குச் சதுர மீட்டருக்கு 3 முதல் 5 கிலோ ஈரப்பட்டி தொங்குகிறது. 12 சதுர மீட்டர் அறைக்கு அது 36 முதல் 60 கிலோ. அவ்வளவையும் பழைய பெயிண்டின் பிடிப்புதான் தாங்கவேண்டும். அந்தப் பிடிப்பு தளர்ந்திருந்தால், முன்பு செதிலாக விழுந்தது இனிப் பாளமாக விழும்.

போர்டு அடித்து மூடுவது

செதிலின் பின்பக்கம் தூளாகவோ மணலாகவோ வந்து, கசிவும் நிறுத்தப்பட்டிருந்தால் இதுவே கவலையற்றது. திருகுகள் நேராகச் சட்டத்தில் ஏறுவதால் பழைய பெயிண்டின் பிடிப்பை நம்பத் தேவையில்லை. 12.5 மி.மீ. போர்டு சதுர மீட்டருக்கு 8–9 கிலோ வரும். பழைய 12.5 மி.மீ. போர்டின் மேல் இன்னொன்று அடிக்க 50 மி.மீ. திருகு வேண்டும், சட்டத்தின் கோடுகளை முன்பே குறித்துக்கொள்ளுங்கள். சட்டங்களுக்கிடையே 60 செ.மீ. இடைவெளி இருந்தால் 6 மி.மீ. மெல்லிய போர்டு காலப்போக்கில் தொய்யும். கான்கிரீட் தளத்துக்கு உலோகச் சட்டம் தொங்கவிடவேண்டும், அறை உயரம் குறையும். விளக்குப் பெட்டிகளைப் புது மட்டத்துக்கு நீட்டவேண்டும். மின்விசிறியை ஒருபோதும் போர்டில் மாட்டாதீர்கள், தளத்தின் கொக்கியிலேயே தொங்கட்டும். கசிவை நிறுத்தாமல் மூடினால், போர்டு ஊறிக் கறை தெரியும்வரை உள்ளே நடப்பது தெரியாது.

எதற்கு எது

பெயிண்ட் மட்டும் பெயிண்டிலிருந்து உரிகிறது, பரப்பும் சிறியது: ஒட்டு. டெக்ஸ்சர் தண்ணீரில் இளகுகிறது: சுரண்டல். உறுதியான பெயிண்ட் மூடிய டெக்ஸ்சர், ஆனால் வழவழப்பான சீலிங் வேண்டும்: பட்டி. எங்கு தொட்டாலும் உதிர்கிறது: போர்டு.

டெக்ஸ்சரை வைத்துக்கொள்பவர்கள் பெயிண்ட் அடிக்கும்போதும் கவனமாக இருக்கவேண்டும். 18 முதல் 25 மி.மீ. ரோமம் உள்ள ரோலரில் ஒரே திசையில் ஒருமுறை ஓட்டுங்கள், ஈரத்தில் திரும்ப ஓட்டாதீர்கள். ஒரு நாள் கழித்துக் குறுக்குத் திசையில் இரண்டாவது கோட். ரோலரில் டெக்ஸ்சர் மணிகள் களியாக ஒட்டிவந்தால் உடனே நிறுத்துங்கள். தண்ணீர் உள்ளே இறங்கி டெக்ஸ்சர் இளகிவிட்டது. முழுதாகக் காயவிட்டு, ஆயில் பிரைமர் அடித்த பிறகே தொடருங்கள்.

இரண்டு வழிகளுக்கு இடையே தயக்கம் இருந்தால், மூலையில் 30 செ.மீ. சதுரத்தில் பிரைமர் முதல் பெயிண்ட் வரை முழு வேலையையும் செய்து ஒரு வாரம் விடுங்கள். பிறகு அதன்மேல் அதே டேப் சோதனை. டேப் வெறுமனே வந்தால் மீதி சீலிங்கைத் தொடங்கலாம்.