சென்னை அறிவியல் போட்டிக்குப் பிள்ளைகளோடு: கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ் ஸ்லீப்பர் எப்படி?

நாகர்கோவிலிலிருந்து சென்னை போக, வேகம் மட்டும் பார்த்தால் வந்தே பாரத்துதான். ஆனால் மதியம் கிளம்பி இரவு 11 மணி வாக்கில் எழும்பூரில் இறக்கிவிடும். அதன்பிறகு சாப்பாடு தேடி, தங்குமிடத்துக் கேட்டைத் தட்டி, பிள்ளைகள் படுக்க ஒரு மணி ஆகிவிடும். மாலையில் ஏறி விடிந்ததும் இறங்கும் கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ்தான் இதற்குத் தோது. அதுவும் போட்டிக்கு முந்தின நாள் காலை இறங்குகிற மாதிரி. போட்டி நாளன்றே இறங்கினால், ரயில் இரண்டு மணி நேரம் தாமதமானாலும் பதிவு நேரம் போய்விடும்.

முன்பதிவு 60 நாள் முன்பே திறக்கும். போட்டிக்கு யார் தேர்வு என்பதோ பெரும்பாலும் கடைசி நேரத்தில்தான் வரும். அப்போது தட்கல்தான் வழி: ஸ்லீப்பருக்கு ரயில் கிளம்புவதற்கு முந்தின நாள் காலை 11 மணி, ஒரு டிக்கெட்டில் 4 பேர். குழு இரண்டு ரயில் பெட்டிகளில் சிதறலாம் என்பதால் டிக்கெட்டுக்கு ஒரு பெரியவர் வருகிற மாதிரி பெயர்களைப் பிரிக்க வேண்டும். மாணவிகளையும் ஆசிரியையையும் தனி டிக்கெட்டில், ஆண் பெயர் கலக்காமல் போட்டால் பெண்கள் ஒதுக்கீட்டில் கேட்கலாம். ஆன்லைனில் எடுத்தது முழுக்க வெயிட்டிங்கில் நின்றால் தானாக ரத்தாகிவிடும், அதை நம்பிப் பிள்ளைகளை ஸ்டேஷனுக்கு வரச்சொல்லக் கூடாது. ஏறும் இடம் "நாகர்கோவில் ஜங்ஷன், கோட்டாறு" என்று பெற்றோரிடம் அழுத்திச் சொல்லுங்கள். டவுன் ஸ்டேஷனில் போய் நிற்பவர்கள் உண்டு.

இந்த ரயிலில் பிள்ளைகளைவிட போட்டிக்குக் கொண்டுபோகும் மாடலுக்குத்தான் கஷ்டம். கீழ் பெர்த்துக்கு அடியில் நுழையாத பெட்டி நடைபாதையில்தான் நிற்கும், விடிவதற்குள் யாராவது மிதித்திருப்பார்கள். பிரித்துக் கோர்க்கிற மாதிரி செய்து, இரண்டு சின்னப் பெட்டியில் அடுக்குங்கள். தெர்மாகோல் ஓரம் நொறுங்கும், க்ளூ கன் ஒட்டு குலுக்கலில் விடும். டபுள் சைட் டேப், ஸ்க்ரூ டிரைவர், கூடுதல் ஒயர், 9 வோல்ட் பேட்டரி கைப்பையில் இருக்கட்டும். 22க்கு 28 அங்குல சார்ட்டுக்கு 3 அங்குல பி.வி.சி. பைப் இரண்டரை அடி வெட்டி, இரு பக்கமும் மூடி போட்டால் ஐப்பசி மழைக்கும் தாங்கும். ஸ்பிரிட், அசிடோன், ஆசிட் எதுவும் ஏற்றக்கூடாது. தேவையென்றால் சென்னையில் வாங்கிக்கொள்ளலாம். மாடலைப் பார்சல் வேனில் போடுவதை நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

சார்ஜிங் பாயிண்ட் இரவு 11 முதல் காலை 5 வரை அணைந்திருக்கும், ஆகவே லேப்டாப்பை ஏறியதுமே போட்டுவிடுங்கள். நடு பெர்த்தை இரவு 10 மணிக்குத்தான் விரிக்கலாம். பேச்சு ஒத்திகைக்கு அதுவரை உள்ள நேரம் போதும்.

சாப்பாடு கையில் கொண்டுபோவதே நல்லது. புளிச்சாதம், ஏத்தன்பழம் போதும், தேங்காய்ச் சட்னி வேண்டாம். பிள்ளைகளை மேல், நடு பெர்த்தில் ஏற்றிவிட்டு, கூட வருகிற ஆசிரியர், மாடல் பெட்டிக்கு மேலே உள்ள கீழ் பெர்த்தில் படுத்துக்கொள்ளவும்.