விலங்கியல் செய்முறை: தவளைத் தட்டா, கணினித் திரையா, கறிக்கடை இதயமா?

பல்கலைக்கழக மானியக் குழு 2011இல் ஒரு வழிகாட்டுதல் கொடுத்தது. இளநிலை மாணவர்கள் எந்த விலங்கையும் அறுக்க வேண்டாம், ஆசிரியர் ஒரே ஒரு இனத்தை அறுத்துக் காட்டினால் போதும் என்றது. முதுநிலை மாணவர்களுக்கு அறுவையா, உயிரினப் பன்மை சார்ந்த ஆய்வா என்று தேர்ந்துகொள்ளும் வாய்ப்பு இருந்தது. 2014இல் அந்த மிச்சமும் போய், விலங்கியல், உயிர் அறிவியல் பாடங்களில் அறுவை முழுக்க நிறுத்தப்பட்டது. செய்முறைக்காகக் கொல்வது நின்றதில் எனக்கு மறுபேச்சே இல்லை. அந்த இடத்தில் எதை வைக்கிறோம் என்பதில்தான் நிறையப் பேச வேண்டியிருக்கிறது.

முதலில் பழைய முறை. குளோரோபார்ம் கொடுத்த தவளை, மெழுகுத் தட்டு, நாலு கால்களிலும் ஊசி. கத்திரிக்கோல் கொஞ்சம் ஆழமாகப் போனால் ரத்தக் குழாய் அறுந்து தட்டு முழுக்கச் சிவப்பாகிவிடும், அப்புறம் எதுவும் தெரியாது. அந்தக் கைப்பழக்கத்தை வேறெதுவும் அப்படியே தராது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் விலை பெரிது. தவளைகளை வயலிலிருந்தும் குளத்திலிருந்தும்தான் பிடித்து வந்தார்கள். பூச்சிகளைத் தின்னும் பிராணியை மூட்டை மூட்டையாக அள்ளிவந்து, புத்தகத்தில் ஏற்கெனவே இருக்கும் படத்தைச் சரிபார்த்தோம். மனமில்லாத மாணவர் வாய் திறக்க முடியாது, மதிப்பெண் போய்விடும்.

ஆசிரியர் மட்டும் அறுத்துக் காட்டுவது இரண்டுங்கெட்டான் ஏற்பாடு. உயிரும் போகிறது, முன்வரிசையைத் தவிர மற்றவர்களுக்குத் தெரிவது அடுத்தவர் தோள்தான்.

கணினித் திரைக்கு வருவோம். இதில் நம் பக்கத்து வேலையே பெருமைப்படும்படி இருக்கிறது. புதுச்சேரி ஜிப்மரில் உருவான 'எக்ஸ்ஃபார்ம்' மென்பொருள் மருந்தியல் செய்முறைகளைத் திரைக்குக் கொண்டுவந்தது. திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் மாற்று வழிகளுக்கென்றே மகாத்மா காந்தி–டோரன்காம்ப் மையம் அமைந்தது. முன்பெல்லாம் தவளையின் மூளையையும் தண்டுவடத்தையும் ஊசியால் சிதைத்து, இதயத்தை நெம்புகோலோடு கட்டி, கரிப்புகை படிந்த உருளையில் துடிப்பைப் பதிவார்கள். அட்ரினலின் என்ற வேதிப்பொருளை விட்டால் துடிப்பு கூடும், அசிட்டைல்கோலின் என்பதை விட்டால் குறையும். இதைப் புரிந்துகொள்ள ஒரு தவளை சாக வேண்டியதில்லை. மருந்தியலுக்குத் திரையே போதும் என்பேன். மருந்தை மாற்றி மாற்றிப் பத்து முறை பார்க்கலாம், எல்லோரும் பார்க்கலாம்.

உடற்கூறியலுக்கு அது போதாது. திசுவின் வழுவழுப்பும் தடிமனும் சுட்டியைச் சொடுக்கினால் வராது. திரைகூட இல்லாத கல்லூரிகளில் நிலைமை இன்னும் மோசம். சீனியரின் ரெக்கார்டு நோட்டைப் பார்த்துப் படம் வரைவதே செய்முறை ஆகிவிடுகிறது. அங்கே மாணவர் பங்கேற்பு என்று எதைச் சொல்வது?

எனக்கு மனசுக்கு ஒப்பான வழி கறிக்கடைதான். ஏற்கெனவே உணவுக்காக அறுத்த ஆட்டின் இதயம். இங்கிலாந்துப் பள்ளிகளில் ஆட்டு இதயம் வெகுகாலமாகப் புழங்குகிறது. கடைக்காரரிடம் ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்ல வேண்டும்: மேலே இருக்கும் குழாய்களை ஒட்ட நறுக்காதீர்கள், நடுவில் கீறாதீர்கள் என்று. இதயத்திலிருந்து உடலுக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாயான மகாதமனியைத் தூக்கிப் பிடித்துத் தண்ணீர் ஊற்றினால், அதன் அடியிலிருக்கும் பிறை வடிவ வால்வு மடல்கள் மூன்றும் மூடிக்கொண்டு தண்ணீரைத் தாங்குவது கண்முன்னே தெரியும். பிறகு கீழறைகளை வெட்டி, இரண்டு சுவர்களையும் விரல்களுக்கிடையே பிடித்துப் பார்க்க வேண்டும். உடல் முழுக்க ரத்தத்தைத் தள்ளும் இடது சுவர் எவ்வளவு தடிமன், பக்கத்து நுரையீரலுக்கு மட்டும் தள்ளும் வலது சுவர் எவ்வளவு மெல்லிசு! வால்வை இழுத்துப் பிடிக்கும் வெள்ளைத் தசைநாண் கயிறுகளை ஊசியால் தூக்கினால் அவற்றின் உறுதியும் புரியும். ஆய்வகத்துக்கென்று ஓர் ஆடுகூட அதிகமாகச் சாகவில்லை.

இதையும் தொட விரும்பாதவர்கள் இருப்பார்கள். சைவ உணவுக்காரர்கள் இருப்பார்கள், ரத்தம் பார்த்தாலே தலை சுற்றுபவர்கள் இருப்பார்கள். அவர்களுக்கு மாதிரி உருவமும் மென்பொருளும் அதே மதிப்பெண்ணோடு கிடைக்க வேண்டும்.

கால்நடை மருத்துவப் படிப்பை இதே தராசில் நிறுக்கக் கூடாது. நாளைக்கு நாயின் வயிற்றைக் கீறப்போகிறவர் கீறித்தான் பழக வேண்டும். அங்கேயும் நல்ல வழி உண்டு: இயற்கையாக இறந்த பிராணிகளின் உடலை உரிமையாளர் சம்மதத்தோடு பெற்றுப் பழகுவது, அப்புறம் தெருநாய்க் கருத்தடை அறுவையில் அனுபவசாலி மருத்துவரின் பக்கத்தில் நின்று கற்பது. அதில் மாணவரும் கற்கிறார், நாயும் பிழைத்துத் தெருவுக்குத் திரும்புகிறது.

2011 வழிகாட்டுதல் ஒவ்வொரு கல்லூரியிலும் அறுவைக் கண்காணிப்புக் குழு வேண்டும் என்றது. அப்படியொரு குழுவை உயிர்ப்போடு வைத்து, மாணவர் ஒருவரையும் அதில் உட்கார வைக்கலாம். எந்தச் செய்முறையை எந்த வழியில் செய்வது என்று பருவத் தொடக்கத்திலேயே அந்தக் குழு வகுப்பைக் கேட்கட்டும், பதிலை எழுத்தில் வாங்கட்டும். தேர்வுக்கு முந்தின வாரம் கேட்டால் யாரும் மனதில் இருப்பதைச் சொல்ல மாட்டார்கள்.