கடலடி மண்ணியல் மாலை வகுப்பு: கொடுத்த காசுக்கு மோசமில்லை

சிங்கப்பூரின் துவாஸ் கப்பல் பட்டறையில் காலம் தள்ளிய எனக்குக் கடலுக்கு மேலே நடப்பதுதான் தெரியும். அடியில் கிடப்பதைச் சொல்லித்தந்தது இந்த வகுப்பு. நுண்ணோக்கியில் ஃபொராமினிஃபெரா என்ற ஒற்றைச்செல் உயிரிகளின் ஓடுகளைக் காட்டினார்களே, அது ஒன்றே கட்டணத்துக்குச் சரி. மணல் துகள் அளவுதான். உள்ளே அறை அறையாகச் சுருண்டு கிடக்கிறது. அந்த ஓட்டிலுள்ள ஆக்சிஜன் ஐசோடோப்புகளை (எடை வேறுபட்ட ஆக்சிஜன் அணுக்களை) அளந்துதான் பழைய பனியுகங்களைக் கணிக்கிறார்களாம். கடைசிப் பனியுகத்தில், சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், கடல்மட்டம் ஏறக்குறைய 120 மீட்டர் கீழே இருந்தது. இங்கிருந்து ஜாவாவுக்கு நடந்தே போயிருக்கலாம். இப்போது பக்கத்து இந்தோனேசியத் தீவான பாத்தாமுக்கே ஃபெரி டிக்கெட்! புவித்தட்டு நகர்வை மட்டும் அவசர அவசரமாக ஓட்டிவிட்டார்கள், அதுதான் குறை. அப்புறம், ஏர்கான் குளிர் தாங்காது, ஸ்வெட்டர் எடுத்துப் போங்கள்.