முருங்கை கேப்ஸ்யூல்: 14 மாதக் கணக்கு

இரண்டு வருடத்துக்கு முன் ஹீமோகுளோபின் 10.4 என்று குறைவாக வந்ததும் நான் தேடிப் போனது டாக்டரை அல்ல, ஆன்லைன் கடையை. கீரை ஆய நேரமில்லை என்ற சாக்கு வேறு. முருங்கை இலைப் பொடி, 500 மி.கி., 60 கேப்ஸ்யூல், டப்பா 450 ரூபாய். காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று 14 மாதம் விழுங்கினேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். வாடை இல்லை, வயிற்றைப் படுத்தவில்லை, ஊருக்குப் போனால் பையில் போட்டுக்கொள்ளலாம். அவ்வளவுதான். ஆறாம் மாதப் பரிசோதனையில் 10.5. அப்போதும் யோசிக்காமல் அடுத்த டப்பாவை வாங்கினேன்.

பக்கத்து வீட்டு அக்கா மரத்தைக் கழித்தபோது ஒரு கட்டு முருங்கைக்கீரை கொடுத்தார். ஆய்ந்த இலை 200 கிராம். நிழலில் உலர்த்தி எடை போட்டால் 46 கிராம்தான்! மீதியெல்லாம் தண்ணீர். அப்படியானால் நான் தினமும் விழுங்கிய 1 கிராம் பொடி, நாலைந்து கிராம் பச்சை இலைக்குச் சமம். ரசத்தில் கிள்ளிப் போடும் கொத்தமல்லி அளவு. 100 கிராம் பச்சை இலையில் இரும்புச் சத்து 4, 5 மி.கி. இருக்கும், எனக்குக் கிடைத்தது சுமார் 0.2. பெண்களுக்கு நாளொன்றுக்கு 29 மி.கி. என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐ.சி.எம்.ஆர்.) 2020 பரிந்துரை. டப்பாவில் பெரிதாகப் போட்டிருந்த அளவுகளெல்லாம் 100 கிராம் பொடிக்கு. அதற்கு 200 கேப்ஸ்யூல் விழுங்க வேண்டும்.

இரும்பை உடல் உறிஞ்ச உதவும் வைட்டமின் சி, உலர்த்தும்போது பெரும்பகுதி போய்விடும். பொரியல் செய்தாலும் கொஞ்சம் போகும்தான். அதற்குத்தான் கொய்யா இருக்கிறது.

கடைசியில் டாக்டரிடம் போனேன். "கீரையால மட்டும் இது ஏறாதும்மா" என்று இரும்பு மாத்திரை எழுதினார். மூன்று மாதத்தில் 12. ஆக, மாத்திரை என்றாலே ஏமாற்று என்று நான் சொல்ல வரவில்லை. அது அளவு தெரிந்த மருந்து. என் டப்பாவிலோ "மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல" என்றே அச்சிட்டிருந்தது.

இப்போது வாரம் மூன்று நாள் கீரை. அதில் கிடைத்த உடனடிப் பலன் இரத்தத்தில் அல்ல, மலச்சிக்கலில். ஒரு கை பொரியலில் உள்ள நார்ச்சத்து எந்தக் கேப்ஸ்யூலிலும் அடங்காது. ஆய்வதும் பெரிய வேலை இல்லை: இரவே துணியில் இறுகச் சுற்றி வைத்தால் காலையில் உதறியதும் பாதி இலை உதிர்ந்துவிடும்.

மிச்சமிருந்த 23 கேப்ஸ்யூலையும் பிரித்து அடை மாவில் கொட்டிவிட்டேன். மாவு பச்சையாகக்கூட மாறவில்லை.